மேலே கிடக்கும் ரையோலைட்டையே வெட்டுகிற கிரானைட்: இரண்டும் ஒரே மாக்மாவா?

வரைபடக்காரி:

வணக்கம். முதுகலை ஆய்வுக்காகப் பழைய எரிமலைப் பகுதி ஒன்றை வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஏறத்தாழ வட்டமாக ஒரு கிரானைட் திரள். சுற்றிலும் ரையோலைட் லாவாவும், சாம்பல் படிந்து இறுகிய டஃப் பாறையும். கிரானைட் ஆழத்தில் மெல்ல ஆறியது, ரையோலைட் தரைமேல் சட்டென்று ஆறியது என்றுதான் படித்திருக்கிறேன். இங்கே கிரானைட் டஃப்பை நேரடியாக வெட்டுகிறது. விரல் தடிமனுக்கு இளஞ்சிவப்பு நாளங்கள் டஃப்புக்குள் ஓடுகின்றன. இரண்டு பாறையும் சந்திக்கும் தொடுகோட்டை நெருங்க நெருங்கக் கிரானைட்டின் மணிகள் பொடியாகி, கடைசியில் கைக்கண்ணாடியில்கூடப் பிடிபடுவதில்லை. உட்பக்கம் போனால் சிறு சிறு பொந்துகள், அவற்றுக்குள் குவார்ட்ஸ் படிகங்கள் நுனி நீட்டிக்கொண்டிருக்கின்றன. பாறையை மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் தின் செக்‌ஷனில் குவார்ட்ஸும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் ஆப்பு ஆப்பாக ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கின்றன.

மேற்கு ஓரத்தில் இன்னொரு பாறை இருக்கிறது. பெரிய பெரிய ஃபெல்ட்ஸ்பார், இடையில் நுண்மணித் தளம். அது டஃப்பா, லாவாவா, ஊடுருவலா என்று சொல்லத் தெரியவில்லை. இப்போதைக்கு வரைபடத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

தரைமேல் உருவான பாறைக்குள் கிரானைட் எப்படி வந்தது? இந்த ரையோலைட்டைக் கக்கிய மாக்மா அறைதான் இந்தக் கிரானைட் என்று எழுதலாமா? வழிகாட்டி தாராளமாக எழுதலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

குவார்ட்ஸ்_கண்ணன்:

இதில் குழப்பமே இல்லையே. இரண்டிலும் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல், கனிமங்களும் அதேதான். வெளியே வந்தது ரையோலைட், உள்ளே தங்கியது கிரானைட். வழிகாட்டி சொல்கிறபடி எழுதுங்கள்.

பழைய சுத்தியல்:

கண்ணன் சொல்வது வேதியியல் அட்டவணைக்குச் சரி. வரைபடத்துக்குப் போதாது. உலகத்தில் எந்தக் கிரானைட்டையும் எந்த ரையோலைட்டோடும் அப்படிச் சேர்த்துவைத்துவிடலாம்.

முதலில் "ஆழம்" என்ற சொல்லைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளம்மா. 1959இல் படிங்டன் வட அமெரிக்காவின் கிரானைட்டுகளை ஊடுருவிய ஆழத்தை வைத்து மூன்று மண்டலமாகப் பிரித்தார். உன்னுடையது மேல் மண்டலத்துச் சரக்கு. தரைக்கு ஓரிரு கிலோமீட்டர் கீழே நின்றுபோனதாகக்கூட இருக்கலாம். மணி கண்ணுக்குத் தெரிய வளர்வதற்கு முக்கியமாக வேண்டியது நேரம். பாறையில் வெப்பம் பரவும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 30 சதுர மீட்டர். தகட்டின் பாதித் தடிமனை வர்க்கமாக்கி அதால் வகுத்துப் பார். 20 மீட்டர் லாவாவுக்கு மூன்று நான்கு ஆண்டு வரும். 1 கிலோமீட்டர் தடிமன் ஊடுருவலுக்கு எட்டாயிரம் ஆண்டு சொச்சம். எட்டாயிரம் ஆண்டில் தாராளமாகக் கிரானைட் வளரும். அந்தக் கணக்கில் தலைக்கு மேல் 10 கிலோமீட்டர் பாறை இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை எங்கேயும் வரவில்லை.

அடுத்தது, தரைமேல் இருந்த பாறைக்குள் எப்படிப் புகுந்தது என்பது. கிரானைட் மேலே ஏறியது பாதிக் கதைதான். எரிமலைப் பாறை கீழே இறங்கியது மற்றப் பாதி. ஸ்காட்லாந்தின் கிளென் கோவில் இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டினார்கள். கிளஃப், மாஃப், பெய்லி மூவரும் 1909இல் எழுதிய கட்டுரை அது. மாக்மா வெளியேற, அடியில் தாங்கிக்கொண்டிருந்தது போய், மேலிருந்த பாறைத்துண்டு வளையமான பிளவு வழியே அப்படியே அமுங்கியது. அமுங்கிய குழிக்குள் டஃப்பும் லாவாவும் நிரம்பின. வளையப் பிளவு வழியே மாக்மா ஏறி ஓரத்தில் உறைந்தது. நேற்றுவரை தரையாக இருந்தது இன்றைக்குக் கூரையாகிவிட்டது. அடுத்து ஏறும் மாக்மா அந்தக் கூரையைத்தானே வெட்டும்?

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு, வரைபடம் போடுபவர்கள் பலரும் கவனிக்காமல் விடுவது. பழைய எரிமலைப் பகுதிகளில் குழிக்கு வெளியே பரவிய டஃப் எல்லாம் அரித்துப் போயிருக்கும். குழிக்குள் இறங்கிய துண்டு மட்டுமே மிஞ்சும். நைஜீரியாவின் ஜோஸ் பீடபூமியிலும், நியூ ஹாம்ப்ஷயரின் வளையத் தொகுதிகளிலும் ரையோலைட்டுகள் பிழைத்திருப்பது இப்படித்தான். ஆகவே கிரானைட்டும் எரிமலைப் பாறையும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதை மட்டும் வைத்து ஒரே மாக்மா என்று சொல்லிவிட முடியாது. தள்ளி இருந்தது பிழைக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் பொந்துகளும் ஆப்புப் பின்னலும்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ரையோலைட் மாக்மா 2 கிலோபார் அழுத்தத்தில் சுமார் 6 சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். 1 கிலோபாரில், அதாவது நாலு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக, 4 சதவீதத்தைத்தான் தாங்கும். மேலே ஏற ஏற, அல்லது மேல்கூரை விரிசல் விட, தண்ணீர் குமிழாகப் பிரிகிறது. தண்ணீரை இழந்த மாக்மாவின் உறைநிலை உயர்ந்துவிடுகிறது. வெப்பம் குறையவே இல்லை, ஆனாலும் மாக்மா திடீரென்று உறைநிலைக்குக் கீழே நிற்கிறது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் முறை வைத்து வளர நேரமில்லாமல் ஒரேயடியாக ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வளர்கின்றன. பிரிந்த தண்ணீர் தங்கிய இடம் பொந்து, அந்த இடத்துக்குள் தடையில்லாமல் நீண்டதால்தான் குவார்ட்ஸுக்கு நுனி இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊடுருவல் ஆழமற்றது என்று தைரியமாக எழுதலாம். அந்த மாக்மா எரிமலையாக வெளியே வந்ததா என்பதற்கு இதில் பதில் இல்லை.

மேற்கு ஓரப் பாறை களத்தில் தன் பெயரைச் சொல்லாது, தின் செக்‌ஷனில்தான் சொல்லும். ஃபெல்ட்ஸ்பார்கள் முனை உடைந்து, பாதி பாதியாகக் கிடந்தால் டஃப். வெடிப்பில் உடையாமல் தப்பியவை குறைவு. முழு உருவமாகவோ, விளிம்பு கரைந்து குடைந்ததாகவோ பெரும்பாலும் இருந்தால் லாவா அல்லது ஊடுருவிய போர்ஃபிரி (நுண்மணித் தளத்தில் பெரிய படிகங்கள் பதிந்த பாறை). தட்டையாக நசுங்கிய நுரைக்கல் துண்டுகள் தெரிந்தால் பேச்சே இல்லை, டஃப்தான். ஆனால் கிரானைட்டுக்குப் பக்கத்தில் சூடேறி மறுபடிகமான டஃப்பில் அந்த நசுங்கல் தடம் அழிந்துபோயிருக்கும். அதனால் பல வரைபடங்களில் குழியை நிரப்பிய டஃப்பை "போர்ஃபிரி ஊடுருவல்" என்று நிறம் தீட்டியிருப்பார்கள். தொடுகோட்டிலிருந்து விலகிப் போய் மாதிரி எடு.

வரைபடக்காரி:

நன்றி ஐயா. மேற்கு ஓர மாதிரியை மறுபடி பார்த்தேன். பெரிய ஃபெல்ட்ஸ்பார்களில் பாதிக்குமேல் உடைந்தவை. இடையே வேற்றுப்பாறைச் சில்லுகளும் இருக்கின்றன. ஆக, டஃப்தான் போலிருக்கிறது.

அப்படியானால் குழியை நிரப்பிய டஃப்பைக் கிரானைட் வெட்டுகிறது, அதாவது கிரானைட் பிந்தியது. பிந்தியதை "ரையோலைட்டைக் கக்கிய அறை" என்று சொல்வது எப்படி? வெடிப்புக்குப் பிறகு அறையில் மிஞ்சியது கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறியது என்று வாதிடலாம் அல்லவா?

பழைய சுத்தியல்:

வாதிடலாம். அந்த வாதத்துக்கு வலுவான சான்றும் இருக்கிறது. கொலராடோவின் சான் வான் மலைப்பகுதியில் ஃபிஷ் கேன்யன் டஃப். சுமார் 2.8 கோடி ஆண்டுக்கு முன், லா கரிட்டா கால்டெராவிலிருந்து (கால்டெரா என்பது இப்படி அமுங்கிய எரிமலைக் குழி) ஏறத்தாழ 5,000 கன கிலோமீட்டர் மாக்மா வெளியே வந்தது. அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான டேசைட் (ரையோலைட்டைவிடச் சிலிக்கா குறைந்த எரிமலைப் பாறை), 45 சதவீதம் வரை படிகம். வெளியே வராமல் அங்கேயே ஆறியிருந்தால் கிரானோடயோரைட் என்று, கிரானைட்டின் உறவுக்காரப் பாறையாகப் பெயர் வைத்திருப்போம். இது போன்றவற்றை வைத்து 2004இல் பாக்மனும் பெர்கான்ட்ஸும் ஒரு விளக்கம் தந்தார்கள். அறைக்குள் இருப்பது பெரும்பாலும் படிகக் கூழ். ஈரமணலை அழுத்தினால் நீர் மட்டும் மேலே வருவதுபோல, கூழிலிருந்து சிலிக்கா மிகுந்த திரவம் வடிந்து மேலே சேர்கிறது. அது வெடித்தால் படிகம் குறைந்த ரையோலைட். கீழே நின்ற கூழ் கிரானைட். கூழே கிளம்பி வந்தால் ஃபிஷ் கேன்யன்.

அழகான விளக்கம்தான். அழகாக இருப்பதாலேயே எல்லா இடத்திலும் பொருத்திவிடுகிறார்கள், அதுதான் என் மனக்குறை. வழிகாட்டி சொன்னதும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

சிர்கான்_பைத்தியம்:

சுத்தியல் சார் களத்தில் சொன்னதை நான் வயதுக் கணக்கில் சொல்கிறேன்.

நியூ மெக்சிகோவின் கெஸ்டா கால்டெரா இந்தக் கேள்விக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து அரிக்கப்பட்டதால் மேலே எரிமலைப் பாறை, கீழே கிரானைட் என்று இரண்டும் தெரிகின்றன. அமேலியா டஃப் சுமார் 2.5 கோடி ஆண்டுக்கு முன் வெடித்தது. பக்கத்திலேயே பெரிய பெரிய கிரானைட்டுகள். இவைதான் அந்த அறையின் மிச்சம் என்று பார்த்தவுடனே தோன்றும். சிர்கான் என்ற கனிமத்தின் யுரேனியம்-ஈய வயதுகளைத் துல்லியமாக அளந்தபோது டஃப்பின் வயதோடு ஒத்துப்போனது கால்டெரா விளிம்பிலிருக்கும் ஒரு சிறிய பெரல்கலைன் (அலுமினியத்தை மிஞ்சிச் சோடியமும் பொட்டாசியமும் உள்ள) கிரானைட் மட்டும். மற்றவை பிந்தியவை. ரியோ ஹோண்டோ என்ற பெரிய திரள் 20 லட்சம் ஆண்டுக்கும் மேல் இளையது.

இனி சுத்தியல் சார் தந்த சூத்திரத்தையே எடுங்கள். 3 கிலோமீட்டர் தடிமன் மாக்மா 75,000 ஆண்டில் ஆறும். 10 கிலோமீட்டர் தடிமனே எட்டு லட்சம் ஆண்டுதான். 20 லட்சம் ஆண்டு அதே மாக்மா அறையில் திரவமாகக் காத்திருந்து பிறகு மேலே ஏறியது என்றால் கணக்கு உதைக்கிறது. புதுச் சரக்கு வந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் யோசெமிட்டியின் டுவாலமி தொகுதியும் இதே கதை. ஒரே கிரானைட் திரள் என்று வரைந்திருந்தது 9.5 கோடியிலிருந்து 8.5 கோடி ஆண்டுவரை, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு, பகுதி பகுதியாகச் சேர்ந்தது என்று 2004இல் கோல்மனும் கிளேஸ்னரும் காட்டினார்கள். எந்த ஒரு தருணத்திலும் அங்கே முழு அளவுக்கு ஒரு திரவ ஏரி இருந்ததில்லை என்பதே அவர்களின் வாதம்.

வரைபடக்காரி, உங்கள் பாறைகளின் வயது தோராயமாக என்ன? அதைப் பொறுத்துத்தான் சிர்கான் உங்களுக்கு உதவும்.

வரைபடக்காரி:

எனக்கு முன் இங்கே ஆய்வு செய்தவர்கள் அளந்த வயது 70 கோடி ஆண்டுக்கு மேல்.

சிர்கான்_பைத்தியம்:

அப்படியானால் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வயதில் 0.1 சதவீதப் பிழை என்பது நல்ல ஆய்வகத்தின் நல்ல நாள். 2.5 கோடி ஆண்டுப் பாறையில் அது 25,000 ஆண்டு. 75 கோடி ஆண்டுப் பாறையில் 7.5 லட்சம் ஆண்டு. அந்த இடைவெளிக்குள் ஒரு கால்டெரா வெடித்து, நிரம்பி, கிரானைட் ஏறி, ஆறி முடிந்துவிடும். டஃப்பும் கிரானைட்டும் பிழைக்குள் ஒரே வயது என்று வந்தால் "ஒரே மாக்மா" என்று பொருளல்ல. வேறு வேறு வயது என்று தெளிவாக வந்தால் மட்டும் அது முடிவான பதில். இன்னொன்று, சிர்கான் வெடிப்புக்கு முன்பே கூழில் வளரத் தொடங்கியிருக்கும். மிக மூத்த சிர்கானின் வயதை வெடித்த வயது என்று எழுதாதீர்கள், சின்னதொரு கூட்டமாக நிற்கும் இளையவற்றைப் பாருங்கள்.

குவார்ட்ஸ்_கண்ணன்:

அப்படியென்றால் பழைய பகுதிகளில் இதைச் சொல்லவே முடியாதா? ராஜஸ்தானின் மலாணித் தொகுதியில் முதலில் லாவா, பிறகு கிரானைட், கடைசியில் டைக் (பிளவில் புகுந்து உறைந்த மாக்மாச் சுவர்) என்று எழுதியிருக்கிறார்களே, அதுவும் 75 கோடி ஆண்டுச் சமாசாரம்தானே?

பழைய சுத்தியல்:

நல்ல எடுத்துக்காட்டு. மலாணி சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, பெரும்பகுதி ரையோலைட். சிவானாவில் வளையமான அமைப்பு, ஜாலோரில் வேறு வகைக் கிரானைட். அந்த வரிசையைச் சொன்னது வெட்டு உறவுதான், எது எதை வெட்டியது என்பது. லாவாவைக் கிரானைட் வெட்டுகிறது, இரண்டையும் டைக் வெட்டுகிறது. வரிசை சொல்ல அது போதும், 75 கோடி ஆண்டானாலும் அழியாது. சிவானாக் கிரானைட் பெரல்கலைன், சோடியம் மிகுந்த பைராக்சீனும் ஆம்ஃபிபோலும் உள்ளது. ஜாலோர் அப்படியல்ல. ஒரே தொகுதிக்குள் இரண்டு வகைக் கிரானைட் இருக்கும்போது, "மலாணி ரையோலைட்டின் அறை மலாணிக் கிரானைட்" என்று பொதுப்படச் சொன்னால் எந்த ரையோலைட், எந்தக் கிரானைட் என்று கேட்க வேண்டும்.

துளைக்கருவி:

கனிமத் தேடலில் இருக்கிறேன். எங்களுக்கு இந்தச் சண்டை வெறும் பேச்சல்ல. கெஸ்டாவின் மாலிப்டினம் கால்டெராவின் தெற்கு விளிம்பிலுள்ள ஊடுருவல்களோடு சேர்ந்தது, பெரிய வெடிப்புக்குப் பிந்தியது. ஜோஸின் வெள்ளீயமும் எரிமலைப் பாறையைவிடக் கிரானைட்டோடு சேர்ந்தது. வெடித்த மாக்மா தன் தண்ணீரையும் உலோகத்தையும் காற்றில் விட்டுவிடுகிறது. வெடிக்காமல் மேலே வந்து நின்றதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆகவே பிந்திய ஊடுருவலைத் தனியாகப் பிரித்து வரைந்தால் எங்கள் ஆசி உண்டு.

இன்னொரு விஷயம், இன்றைய எரிமலைக்குக் கீழே கிரானைட் இருப்பதைக் கண்ணால் பார்க்கவே முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஜப்பானின் கக்கொண்டா புவிவெப்பக் களத்தில் 1990களில் துளையிட்டபோது 3 கிலோமீட்டருக்குள்ளேயே இளம் கிரானைட்டைத் தொட்டார்கள். 3,729 மீட்டர் வரை போனது துளை, அடியில் 500 பாகை செல்சியஸுக்கு மேல். இன்னமும் ஆறாத கிரானைட். அதே நாட்டின் குரோபெகாவா கிரானைட் சுமார் 8 லட்சம் ஆண்டு வயதுதான், அதற்குள் மலை உயர்ந்து தரைக்கே வந்துவிட்டது. ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் 2009இல் துளை சுமார் 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் நேரே ரையோலைட் மாக்மாவுக்குள்ளேயே இறங்கியது. கக்கொண்டாவும் கிராஃப்லாவும் நீங்கள் பேசும் ஆழத்தைச் சேர்ந்தவை.

வரைபடக்காரி:

எல்லோருக்கும் நன்றி. வயது கைகொடுக்காது, வெட்டு உறவு வரிசையை மட்டும் சொல்லும் என்றால், ஒரே மாக்மாவா என்று சோதிக்க வேதியியல்தானே மிச்சம்? எந்த மாதிரிகளை எடுப்பது? ஆய்வகத்துக்கு அனுப்பக் கொஞ்சம்தான் இடம் தருகிறார்கள்.

பழைய சுத்தியல்:

கூழ் வாதம் சரியென்றால் ஒரு விளைவு இருந்தாக வேண்டும். ரையோலைட் வடிந்து போன திரவம், கிரானைட் பின்தங்கிய படிகம். ஃபெல்ட்ஸ்பார் விரும்பும் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் ரையோலைட்டில் குறைந்து கிரானைட்டில் கூடியிருக்க வேண்டும். ஃபெல்ட்ஸ்பாருக்குள் போகும் இன்னொரு தனிமமான யூரோப்பியம் ரையோலைட்டில் ஆழமாகச் சரிந்திருக்க, கிரானைட்டில் அந்தச் சரிவு குறைவாகவோ இல்லாமலோ இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு சரிவென்றால் கிரானைட் மிச்சக்கூழ் அல்ல, அதுவும் ஒரு திரவம், வெளியே வராமல் நின்றது. 2015இல் கெல்லரும் உடனிருந்தோரும் உலகளவில் ஏராளமான பகுப்பாய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, எரிமலைப் பாறையும் ஆழப் பாறையும் பெரும்பாலும் ஒத்த கலவைதான் என்றார்கள். உன் பகுதி அதில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே உன் ஆய்வுக்கு நல்ல கேள்வி.

மாதிரிக்கு வருவோம். கிரானைட்டின் நடுவிலிருந்து ஒன்று, பொந்து இல்லாத இடத்தில். பொந்துப் பகுதியில் தண்ணீர் ஓடிச் சோடியம், பொட்டாசியம் போன்ற காரத்தனிமங்களை இடம் மாற்றியிருக்கும். தொடுகோட்டின் நுண்மணி விளிம்பிலிருந்து ஒன்று, அதுதான் உள்ளே நுழைந்த மாக்மாவின் கலவைக்கு மிக அருகில் இருக்கும், படிகம் சேரவோ விலகவோ நேரம் கிடைக்காதது. இந்த இரண்டும் வேறுபட்டால் கிரானைட்டே தனக்குள் பிரிந்திருக்கிறது, ரையோலைட்டைக் கேட்பதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள். டஃப்பின் அடியிலிருந்தும் உச்சியிலிருந்தும் ஒவ்வொன்று, ஏனென்றால் அறையின் மேற்பகுதி முதலில் வெளியே வந்து குழிக்கு அடியில் கிடக்கும், கலவை தலைகீழாக அடுக்கியிருக்கும்.

டஃப்பை மொத்தமாக உடைத்து அனுப்பிவிடாதே. வெடிப்பில் நுண்ணிய கண்ணாடித் தூள் காற்றோடு போய்விடும், கனமான படிகம் தங்கிவிடும், போதாக்குறைக்கு வழியில் பெயர்த்த வேற்றுப்பாறைச் சில்லும் சேர்ந்திருக்கும். அந்தக் கலவை எந்த மாக்மாவுக்கும் சொந்தமல்ல. தொடுகோட்டின் வெப்பம் எட்டாத தொலைவில், நசுங்கிய நுரைக்கல் துண்டுகளைத் தனியே அறுத்தெடுத்து அவற்றை மட்டும் அனுப்பு.